காக்கையின் நிறம் வெளிறிய கதை

ஆங்கிலத்தில் 'வொன்' என்று ஒரு சின்னச் சொல் உண்டு. நோயாளியின் முகம், குளிர்காலச் சூரியன், உயிரில்லாத சிரிப்பு, இவற்றுக்கு வரும். அகராதியில் 'வெளிறிய' என்று போட்டிருக்கும். மொழிபெயர்ப்பாளரும் அதையே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். தமிழ் படித்தவர்களுக்குப் 'பசலை' என்று போடக் கை துறுதுறுக்கும். வேண்டாம், பசலைக்குப் பொன்னிறம் உண்டு.

எனக்கு இச்சொல்லின் மேல் ஈடுபாடு வந்தது வேறு காரணத்தால். பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் 'இருண்ட'. கி.பி. 1000ஐ ஒட்டிய கையெழுத்துப் பிரதியில் கிடைத்த 'பேவுல்ஃப்' காவியத்தில் பிணம் தின்னும் அண்டங்காக்கை இந்த நிறம். மேகத்தை நோக்கி எழும் நீரும் இந்த நிறம். 14ஆம் நூற்றாண்டுக்குள் அதே சொல் ரத்தம் வற்றிய முகத்துக்கு வந்துவிடுகிறது. காக்கைக் கறுப்பு எப்படி வெளிறியது? நடுவில் ஈயத்தின் மங்கல் இருக்கிறது, கன்றிப்போன தோலின் நிறம். அங்கிருந்து நோயாளி முகத்துக்கு ஒரு எட்டுதான். இரண்டு முனையிலும் மாறாமல் நின்றது ஒளியின்மை. பழைய ஆங்கிலத்தின் நிறச்சொற்கள் பலவும் என்ன நிறம் என்பதைவிட எவ்வளவு மினுக்கம் என்பதையே அளந்தன. கறுப்பா வெளுப்பா என்ற கேள்வியே அவற்றுக்கு அந்நியம்.

'பிளாக்' கதை இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் உயிரொலியைக் குறிலாகச் சொன்னால் கறுப்பு. நெடிலாகச் சொன்னால் வெளிறிய, பளிச்சென்ற. துணி வெளுக்கும் 'பிளீச்' இந்த நெடிலுக்குச் சொந்தம். இடைக்காலத்தில் இரண்டின் எழுத்தும் கலந்துபோய், சில வரிகளில் முகம் கறுத்ததா வெளுத்ததா என்று சூழலை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது எரிதல், ஒளிர்தல் என்ற வேர்தான் என்பார்கள் சொல்லாய்வாளர்கள். எரிகிற கட்டை பளிச்சிடும், எரிந்த கட்டை கரியாகும்.

கறுப்பு/வெள்ளை என்ற இருமை எதிர்வு மொழியின் இயற்கை என்று நம் அமைப்பியல் நண்பர்கள் சிலர் பேசுகிறார்கள். இயற்கையாவது! 1691இல் வர்ஜீனியாவின் ஆங்கிலேயக் காலனி ஒரு சட்டம் போட்டது. கறுப்பரையோ கலப்பில் பிறந்தவரையோ அமெரிக்கப் பூர்வகுடியினரையோ மணக்கும் 'வெள்ளை' ஆணும் பெண்ணும் நாடு கடத்தப்படுவர். கலப்பில் பிறந்தவரின் தோல் எவ்வளவு வெளிறியிருந்தாலும் இடம் எதிர்ப்பக்கம்தான். மங்கலுக்குச் சட்டத்தில் இடமில்லை. தண்டனை மாறியது, தடை மாறவில்லை. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும்வரை அது வர்ஜீனியாவில் நின்றது.