திரும்பி வரும் மடல்கள்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் இரு கரைகளையும் இணைத்தது பாதைப் படகு. ஏற்கத்தகாத பொதியொன்றைத் துறையிலேயே மறுத்தால், கொண்டுவந்தவர் கையோடு எடுத்துச் சென்றுவிடுவார். ஏற்றி, மறுகரை சேர்த்த பின்னர் மறுத்தால், பொதியின்மேல் எழுதியுள்ள அனுப்புநர் முகவரியை நம்பியே திருப்பியனுப்ப வேண்டும். அம்முகவரி பொய்யாயின்? மின்னஞ்சல் வழங்கிகளை நெடுங்காலம் அலைக்கழித்த சிக்கல் இதுதான்.

மின்னஞ்சலுக்கான நெறிமுறையை யோன் பொஸ்டல் 1982 ஓகஸ்டில் வகுத்தார். மடலை ஏற்றுக்கொண்டதாக 250 என்ற எண்ணால் விடையளிக்கும் வழங்கி, அதற்குப் பொறுப்பேற்கிறது. பின்னர் அதனைச் சேர்ப்பிக்க இயலாவிடில், அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பும் திரும்பி, முடிவில்லாது சுற்றாதிருக்க, அதன் அனுப்புநர் இடத்தை வெறுமையாக விடும் வழியும் அதிலேயே சொல்லப்பட்டது. எவரும் பொய் முகவரி இடார் என்று எண்ணிய காலம் அது.

இவ்வரலாற்றில் எம்மவர்க்கும் ஒரு பக்கம் உண்டு. 1997 ஓகஸ்டில் ‘இணையக் கரும்புலிகள்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட குழுவொன்று, வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தூதரகங்கள் சிலவற்றின்மீது நடந்த மின்னஞ்சல் தாக்குதல்களுக்கு உரிமை கோரியது. அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் அவ்வாண்டு அறிக்கையில் இது பதிவாகியுள்ளது. அதே 1997 இல் மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் தர்மரத்தினம் சிவராம் தமிழ்நெற் இணையத்தளத்தின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, வடகிழக்கெங்கும் செய்தியாளர் வலையமைப்பொன்றைக் கட்டியெழுப்பினார். (2005 ஏப்ரல் 28 இல் கொழும்பில் கடத்தப்பட்டு அவர் கொல்லப்பட்டதை வாசகர் அறிவர்.) ஒரே ஆண்டில் ஒரே இணையம், ஒருபுறம் வாயை அடைக்கவும் மறுபுறம் வாய் திறக்கவும் பயன்பட்டது.

குப்பை மடலைத் தடுக்கும் வடிகட்டிக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. கொலை, குண்டு என்ற சொற்கள் நிறைந்த செய்தியை அது ஐயுற்று ஓசையின்றி விழுங்கிவிட்டால், அனுப்பிய செய்தியாளர் மடல் சேர்ந்ததென்றே நம்பியிருப்பார். சேரவில்லை என்று தெரிந்தாலாவது தொலைபேசியை நாடலாம். ஆகவே திரும்பு மடலை முற்றாக ஒழிப்பதும் தீங்கே.

ஆனால் 2003 ஓகஸ்டில் பரவிய சோபிக் நச்சுநிரல், தொற்றிய கணினிகளில் அகப்பட்ட முகவரிகளையே அனுப்புநராகப் பொய்யாக இட்டது. நச்சுநிரல் தடுப்பிகளோ, ‘உங்கள் மடலில் நச்சுநிரல் உள்ளது’ என்று அந்த அப்பாவிகளுக்கே அறிவிப்புகளைக் குவித்தன. தடுப்பு மருந்தே நோயைப் பரப்பிய கதை!

2008 ஒக்டோபரில் வந்த திருத்திய நெறிமுறை, தீய மடலை மறுத்ததற்கான அறிவிப்பு உரியவரைப் பயனுறச் சென்றடையும் என்ற உறுதி இல்லாவிடில் அதனை அனுப்பலாகாது என்றது. அறிவிப்பின்றி மடலைக் கைவிடுவதன் ஆபத்தையும் எச்சரித்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி துறையிலேயே மறுப்பது. இணைப்பு அறுபடுமுன் வடிகட்டியை இயக்கி, 550 என்று விடையளித்தால் போதும். நேர்மையான அனுப்புநருக்கு அவரது சொந்த வழங்கியே செய்தி சொல்லும். குப்பை அனுப்பும் நிரலோ பெரும்பாலும் பேசாமல் அடுத்த வாசலுக்குப் போய்விடும். மூன்றாமவர் எவருக்கும் மடல் போகாது.

இன்னும் பழைய தவறு நிகழுமிடம் துணை வழங்கி. முதன்மை வழங்கி ஓய்ந்திருக்கையில் அது எவர் பெயருக்கு வந்த மடலையும் ஏற்றுவைத்து, பின்னர் ‘அப்படியொருவர் இல்லை’ என்று திருப்புகிறது. பெறுநர் பட்டியலையும் வடிகட்டியையும் அதற்கும் கொடுத்துவைத்தால், அங்கும் மடலை வாசலிலேயே மறுக்கலாம்.