இரும்புத்திரையும் காமன் பொட்டலும்

'இரும்புத்திரை' என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது அரசியலே. 1946ஆம் ஆண்டு மார்ச் 5ஆந் திகதி அமெரிக்காவின் ஃபுல்ட்டன் நகரிலே சேர்ச்சில் நிகழ்த்திய பேச்சுக்குப் பின்னர்தான் அச்சொல் பட்டிதொட்டியெங்கும் பரவியது. வேறு சிலருக்கு 1960இல் சிவாஜி கணேசன் நடித்து வெளிவந்த படம் நினைவுக்கு வரலாம். இரண்டிலும் அது மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் தடையையே குறித்தது. ஆனால் அச்சொல் பிறந்த இடம் நாடக அரங்கு. அங்கே அது எவரையும் அடைத்துவைக்க ஏற்பட்டதன்று. நெருப்பை அப்பால் நிறுத்திவைக்க ஏற்பட்டது.

திரை நமக்குப் புதிதன்று. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூவகைத் திரைகளைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை கூறுகின்றது. மேலே மறைந்திருந்து கீழே இறங்குவது மூன்றாவது வகை. மேலைநாட்டுத் தீத்தடுப்புத் திரையும் மேலிருந்தே இறங்குவது. எனினும் அதன் தொழில் அழகு செய்வதன்று.

அத்திரை ஏன் வேண்டியதாயிற்று? ஐரோப்பிய அரங்கிலே மேடைக்கு மேல் உயர்ந்ததொரு கூடு உண்டு. வர்ணந் தீட்டிய கித்தான் காட்சிகள், மரச்சட்டங்கள், சணற்கயிறுகள் யாவும் அங்கே தொங்கும். நடுவே எண்ணெய் விளக்குகளும், பிற்காலத்தில் வாயு விளக்குகளும் எரிந்தன. ஒரு பொறி பட்டால் போதும். மேடை அடுப்பாகிவிடும், மக்கள் அமர்ந்திருக்கும் மண்டபம் புகைபோக்கியாகிவிடும். மேடையின் முகப்பை அடைத்துவிட்டு, மேடைக்கு மேலுள்ள கூரையைத் திறந்துவிட்டால் புகை மேலே போகும். மக்கள் வெளியேறச் சில நிமிடங்கள் கிடைக்கும். தீயை அணைப்பது திரையின் வேலையன்று. அவகாசம் வாங்கித் தருவதே அதன் வேலை.

இலண்டன் துரூரி லேன் அரங்கு 1794இல் புதிதாகத் திறக்கப்பட்டபோது இரும்புத்திரையையும் கூரைமேல் நீர்த்தொட்டியையும் பெருமையோடு காட்டினார்கள். 1809 பெப்ரவரி 24ஆந் திகதி இரவு அவ்வரங்கு எரிந்து சாம்பலாயிற்று. அன்று நாடகம் இல்லாதது மக்கள் செய்த பாக்கியம். வியன்னாவின் ரிங் அரங்கில் 1881 டிசம்பர் 8ஆந் திகதி இரும்புத்திரை இருந்தும் அதனை இறக்குவார் இல்லை, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சிக்காகோவின் இரோகுவா அரங்கில் 1903 டிசம்பர் 30ஆந் திகதி பிற்பகற் காட்சி. வந்திருந்தோரிற் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். கல்நார்த்திரை என்று சொல்லப்பட்ட திரை பாதி வழியிலே சிக்கிக்கொண்டது. நடிகர்கள் தப்புவதற்காகத் திறந்த பின்கதவு வழியாகக் காற்றுப் புகுந்து, திரைக்குக் கீழிருந்த இடைவெளியால் தீயை மண்டபத்துள் தள்ளியது. அறுநூறு உயிர்களுக்கு மேல் போயின. அத்திரையில் மரக்கூழும் கலந்திருந்தமை பின்னரே தெரியவந்தது. ஒவ்வொரு காட்சியிலும் சபையோர் காணத் திரையை ஒருமுறை இறக்கி ஏற்றவேண்டுமென்ற விதி பிரித்தானியாவில் நிலைபெற்றது இத்தகைய அனுபவங்களால்தான்.

இனி நமது மலையகத்துக்கு வருவோம். அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் உள்ள தோட்டங்களிலே மாசி மாதத்து அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றுவார்கள். மன்மதனும் இரதியும் வேடந் தரித்து ஆடும் அக்கூத்தின் கதையே தீயைப் பற்றியது. சிவனின் நெற்றிக்கண் காமனை எரித்தேயாக வேண்டும். வெளிச்சத்துக்குத் தீப்பந்தம், தப்பின் தோல் இறுகக் காய்ச்சுவதற்கு வைக்கோல் நெருப்பு, முடிவிலே காமன் தகனம். இத்தனைக்கும் அங்கே ஒரு திரைகூட இல்லை. தேவையும் இல்லை. காமன் பொட்டலுக்குச் சுவரில்லை, கூரையில்லை. புகை வானத்துக்குப் போகின்றது, கூட்டம் வட்டமாய் விலகி நிற்கின்றது. வியன்னாவிற் கிடைக்காத வழி இங்கே நாற்புறமும் திறந்து கிடக்கின்றது.

ஆனால் கூத்து முடிந்து அம்மக்கள் திரும்பிச் செல்வது லயத்துக்கு. நெருப்பின் வரலாற்றை அறிந்தவனுக்கு அச்சந் தருவது பொட்டலன்று, அந்த லயமே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாய் நிற்கின்றன. பல லயங்களில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரைவரை எட்டுவதில்லை. இஸ்தோப்பிலோ உள்ளேயோ விறகடுப்பு. மேலே புகைபடிந்து காய்ந்த மரச்சட்டங்கள். ஒரு காம்பராவில் பற்றிய தீ கூரைக்கடியில் ஓடி அடுத்த வீட்டையும் அதற்கடுத்ததையும் பிடிக்கின்றது. ஆகவேதான் லயத்தில் தீயென்று செய்தி வரும்போது அது பெரும்பாலும் ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை, வரிசையே போய்விடுகின்றது. அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பிள்ளைகளின் புத்தகங்களும் அதனோடு சேர்ந்து போகின்றன. பிரஜாவுரிமைக்காக நெடுங்காலம் போராடிய ஒரு சமூகத்துக்குக் கடதாசி எரிவது சிறிய இழப்பன்று.

இதிலே குறிப்பிடத்தக்க விஷயம் ஒன்றுண்டு. அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையிலுள்ள பொதுச்சுவர் கூரையையும் தாண்டி உயரவேண்டுமென்று இலண்டனுக்காக 1774ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அந்தச் சுவரும் ஒரு தீத்திரைதான். இறங்காது, எப்போதும் நிற்பது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின, லயங்களும் பெருகின. கட்டியவர்கள் அதே நாட்டார். சுவரை நான்கடி உயர்த்தும் அறிவு அவர்களிடம் இருந்தது. செங்கல்லுக்கும் கூலிக்கும் ஆகும் செலவை மிச்சம் பிடித்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் நிலத்திலே தனித்தனி வீடுகள் எழுந்துவருகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவ்வீடுகளுக்கு நடுவே சிறிது வெற்றிடம் விடப்படுகின்றது. அங்கே அவரையும் கீரையும் நடுகிறார்கள். லயங்களிலோ இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கின்றன.