எரியாத பல்பு

1972 டிசம்பர் 29. இரவு பதினொன்றரை மணி. நியூயார்க்கிலிருந்து 176 பேருடன் வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401-ஆம் எண் விமானம் மயாமியில் இறங்கத் தயாரானது. சக்கரங்களை இறக்கினார்கள். மூன்று பச்சை விளக்குகள் எரிய வேண்டும். இரண்டுதான் எரிந்தன.

முன்சக்கரம் இறங்கவில்லையா, இல்லை பல்புதான் போய்விட்டதா? விமானத்தை 2,000 அடிக்கு ஏற்றி, எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் பக்கம் திருப்பி, ஆட்டோ பைலட்டிடம் ஒப்படைத்தார்கள். துணை விமானி விளக்கின் மூடியைக் கழற்றினார். திரும்ப மாட்டும்போது அது கோணலாகச் சிக்கிக்கொண்டது. சக்கரத்தை நேரில் பார்க்க, விமானப் பொறியாளர் காக்பிட்டுக்குக் கீழே இருந்த இருட்டறைக்குள் இறங்கினார். கேப்டன் உட்பட எல்லோர் கண்ணும் அந்தப் பல்பின் மேல்தான். அப்படியானால் விமானத்தை யார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்?

யாரும் இல்லை. கட்டுப்பாட்டுத் தண்டில் யாருடைய உடலோ பட்டு, ஆட்டோ பைலட்டின் உயரத்தைக் காக்கும் பிடி மட்டும் விலகியிருக்க வேண்டும் என்று பின்னர் விசாரணையில் கணித்தார்கள். விமானம் சத்தமில்லாமல் சரிந்தது. எச்சரிக்கை மணி ஒருமுறை ஒலிக்கத்தான் செய்தது. ஆனால் பொறியாளரின் இருக்கைப் பக்கம். அவரோ கீழே இருந்தார். கடைசியில் துணை விமானிதான் கவனித்தார், உயரத்தில் ஏதோ ஆகிவிட்டதென்று. இன்னும் 2,000 அடியில்தானே இருக்கிறோம் என்று அவர் கேட்ட சில நொடிகளில், சதுப்பு நிலம் விமானத்தை விழுங்கியது.

101 பேர் இறந்தார்கள். சிதைவுகளைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்த விடைதான் கொடுமை. முன்சக்கரம் சரியாகவே இறங்கிப் பூட்டியிருந்தது. பல்புகள்தான் கருகியிருந்தன. இனி இப்படி நடக்காது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

நடந்தது; ஆறு வருடத்துக்கு ஒரே ஒரு நாள் குறைவாக. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லண்ட். 189 பேருடன் வந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் 173-ஆம் எண் விமானத்திலும் சக்கர விளக்கில்தான் சிக்கல். கேப்டன் அவசர இறக்கத்துக்கான ஏற்பாடுகளைப் பொறுமையாகச் செய்தபடி ஊரைச் சுற்றிச் சுற்றி ஒரு மணி நேரம் பறந்தார். எரிபொருள் குறைவதைப் பொறியாளர் சொன்னார், ஆனால் அடக்கமாக. கேப்டனிடம் குரலை உயர்த்தும் பழக்கம் அந்தக் காலத்துக் காக்பிட்டுகளில் இல்லை. என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. விமானம் புறநகரில் விழுந்தது. பத்துப் பேர் பலி. எச்சரித்த பொறியாளரும் அவர்களில் ஒருவர்.

இரண்டு விமானங்களும் பறக்கும் நிலையில்தான் இருந்தன. விமானிகளும் திறமைசாலிகள். அப்படியென்றால் பழுதானது எது?

1979 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் நாசா ஒரு கூட்டம் கூட்டியது. விமானிகளோடு உளவியலாளர்களும் உட்கார்ந்தார்கள். பழுது மனிதர்களுக்கு இடையில் இருந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். யார் ஓட்டுவது, யார் சரிபார்ப்பது, தப்பென்றால் எப்படி அடித்துச் சொல்வது என்பதையெல்லாம் எந்தப் பயிற்சியும் சொல்லித்தரவில்லை. 1981-ல், விபத்துக்குள்ளான அதே யுனைடெட் நிறுவனம் இதற்கென்று வகுப்பு தொடங்கியது. சில மூத்த கேப்டன்கள் அதை நாசூக்குப் பள்ளி என்று கிண்டலடித்தார்கள். கிண்டலுக்கான பதில் எட்டு வருடம் கழித்து வந்தது.

1989 ஜூலை 19. யுனைடெட் 232 நடுவானில், விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் இழந்தது. கேப்டன் ஆல் ஹேன்ஸ், தானே எல்லாம் அறிந்தவர் என்று எண்ணவில்லை. பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு விமானியைக்கூட காக்பிட்டுக்கு அழைத்து, என்ஜின் விசையை அவர் கையில் கொடுத்தார். சியூ சிட்டியில் மோதித்தான் இறங்கினார்கள். ஆனாலும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்த வகுப்பு இல்லாமல் இது நடந்திருக்காது என்றார் ஹேன்ஸ்.

அந்த வகுப்பின் பெயர் காக்பிட் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட். பிறகு கேபின் பணியாளர்களையும் சேர்த்துக்கொண்டு க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் ஆனது. உலகெங்கும் விமானிகள் இன்று அதைச் சி.ஆர்.எம். என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். காக்பிட்டில் ஒரு விளக்கு முரண்டு பிடித்தால் இப்போது ஒருவர்தான் விளக்கைப் பார்க்கிறார். மற்றவர் விமானத்தை ஓட்டுகிறார்.