வாங்கியவன் மனம் மாறினால்

கடைவீதியில் ஒரு பொருளின் பகட்டைக் கண்டு மதிமயங்கி, கையிலிருந்த பணத்தைக் கொடுத்து அதை வாங்கி, வீடு வந்து சேர்ந்தபின் ‘இதை ஏன் வாங்கினோம்’ என்று நொந்துகொள்ளும் வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. மனுஸ்மிருதி வகுத்துரைக்கும் பதினெட்டு விவகாரங்களில், கடன் வழக்கு, எல்லைத் தகராறு, திருட்டு ஆகியவற்றோடு சரியாசனம் பெற்று, கிரய விக்கிரயத்துக்குப் பின் மனம் மாறுவதும் ஒரு தனி விவகாரமாக இடம் பெற்றிருக்கிறது. பத்து நாட்களுக்குள் வாங்கியவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். விற்றவனும் திரும்பக் கேட்கலாம். அந்தக் கெடு கடந்தபின் கொடுக்கவோ எடுக்கவோ வற்புறுத்துபவனுக்கு அறுநூறு பணம் அபராதம்.

தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் மைசூர் நூலகத்தில் ஒப்படைத்த கிரந்த எழுத்துச் சுவடியைக் கொண்டு, ஆர். சாமாசாஸ்திரி 1909-இல் அச்சேற்றிய கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமோ, மனம் மாறுவதற்குரிய அவகாசத்தை ஆளுக்குத் தக்கபடி பகிர்ந்தளிக்கிறது. வணிகனுக்கு ஓர் இரவு, உழவனுக்கு மூன்று இரவு, ஆயனுக்கு ஐந்து இரவு. சரக்கின் குணதோஷங்களை அறிவதையே தொழிலாகக் கொண்டவனுக்குக் குறைந்த காலமும், சந்தை நாளில் மட்டும் கடைத்தெருவை எட்டிப் பார்ப்பவனுக்கு அதிகக் காலமும் அளித்தது நியாயமென்றே தோன்றுகிறது.

இவ்விஷயத்தை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர் நாரதஸ்மிருதிகாரர். வாங்குமுன் பொருளைத் தானும் சோதித்து, பிறருக்கும் காட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்பது அவர் விதி; அவ்வாறு பார்த்துச் சம்மதித்து வாங்கியதைத் திருப்பக்கூடாது. ஆயினும், கண்ணால் பார்த்த மாத்திரத்தில் எல்லாக் குறையும் வெளிப்பட்டுவிடுவதில்லை என்பதை உணர்ந்து, பரீட்சைக்கென ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை குறிக்கிறார்: இரும்புக்கும் துணிக்கும் ஒரு நாள், கறவைக்கு மூன்று, பொதி சுமக்கும் மாட்டுக்கு ஐந்து, முத்து பவளம் இரத்தினங்களுக்கு ஏழு, விதைக்குப் பத்து. ஒரு வேளை கறக்காமல் விட்டு மடி பெருக்கச் செய்து சந்தைக்கு ஓட்டி வந்த பசுவின் உண்மையான பால் அளவு மூன்று நாள் கறந்தால் தெரிந்துவிடும். விதை முளைவிடுமா என்பதைச் சொல்ல மண்ணுக்கும் ஈரத்துக்கும் சில நாட்கள் வேண்டும். அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களுக்கும் இதே ஜாபிதாவில் நாள் குறித்திருப்பது அக்காலத்தின் மாறாத களங்கம்.

குறை ஏதுமின்றி, விலை மிகுந்துவிட்டதென்று வெறுமனே மனம் கசந்தவனையும் நாரதர் கைவிடவில்லை. அன்றைக்கே பொருளைப் பழுதின்றித் திருப்பினால் முழுத் தொகையும் கிடைக்கும். இரண்டாம் நாள் விலையில் முப்பதில் ஒரு பங்கு நஷ்டம், மூன்றாம் நாள் அதில் இருமடங்கு. அதற்குமேல் பொருள் வாங்கியவனுடையதே.

ஆங்கிலேயர் இயற்றிய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. நோயுற்ற குதிரையை அது நோயுற்றதென்று தெரிந்தே ஏலத்தில் விற்பவன், அதைப் பற்றி வாய் திறவாதிருந்தால் அது மோசடியாகாது என்று அச்சட்டமே உதாரணம் காட்டுகிறது. ‘நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமென்றே கொள்வேன்’ என்று வாங்குபவன் சொல்லியிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமமாகும். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும், சில விலக்குகள் நீங்கலாக, விழிப்பாயிருக்கும் பாரத்தை வாங்குபவன் தலையிலேயே வைத்தது.

1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பாரத்தைச் சற்று இறக்கிவைத்தது. அதற்குப் பதிலாக 2019-இல் வந்த சட்டமோ, ரசீதில் வேறு கெடு இல்லாதபோது, குறையுள்ள பொருளை முப்பது நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிகமென்கிறது. ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது’ என்று ரசீதின் அடியில் அச்சடித்து வைப்பவர்கள் இதனை நினைவிற் கொள்வது நலம். ஆனால் பொருளில் குறையில்லாமல் தன் ஆசையிலேயே குறை கண்டவனுக்கு இச்சட்டம் அத்தகைய வழி காட்டவில்லை. அவசரத்தில் வாங்கியவனுடைய அசட்டுத்தனத்துக்கும் ஒரு நாள் மன்னிப்பும், அதன்பின் நாளுக்கொரு விலையும் நிர்ணயித்த பழைய ஸ்மிருதிகாரர், மனித சுபாவத்தை அறிந்த வகையில் இன்றைய சட்டத்தை விஞ்சியே நிற்கிறார்.