தமிழ்நாடு சட்ட மேலவை: ஒழிப்பும் மீட்பு முயற்சிகளும்

தமிழ்நாடு சட்ட மேலவை என்பது மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டாவது அவையாக இருந்த அமைப்பாகும். 1986 நவம்பர் 1 அன்று இது ஒழிக்கப்பட்டது. அதன் பிறகு மூன்று முறை அதை மீட்கத் தீர்மானம் நிறைவேறியது. மூன்று முறையும் அடுத்து வந்த ஆட்சி அதைக் கைவிட்டது.

தோற்றம்

1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்ட மேலவை 1921-இல் செயல்படத் தொடங்கியது. அப்போது அது ஒன்றே சட்டமன்றம். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், 1937-இல் சட்டப்பேரவையும் மேலவையும் கொண்ட ஈரவை முறை வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் மேலவையில் நுழைந்து அதன் துணைத் தலைவரானார். 1952-இல் ராஜாஜி மேலவை நியமன உறுப்பினராக இருந்தே முதலமைச்சரானார். இது கொல்லைப்புற வழி என்று அப்போதே கண்டிக்கப்பட்டது. 1967-இல் முதல்வர் பொறுப்பேற்ற அண்ணாவும் மேலவை உறுப்பினராகவே பணியாற்றினார்.

யார் தேர்ந்தெடுத்தார்கள்?

அரசியலமைப்பின் 171-ஆவது உறுப்பின்படி மேலவை இடங்கள் இவ்வாறு பிரிக்கப்படுகின்றன:

- உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்போர்: 3-இல் 1 பங்கு
- சட்டப்பேரவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்போர்: 3-இல் 1 பங்கு
- பட்டதாரிகள் தேர்ந்தெடுப்போர்: 12-இல் 1 பங்கு
- ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்போர்: 12-இல் 1 பங்கு
- ஆளுநர் நியமிப்போர்: 6-இல் 1 பங்கு

இதன் விளைவை வடசென்னையின் பெரம்பூரை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். அங்குள்ள ரயில்வே பணிமனையில் உழைக்கும், பட்டம் பெறாத தொழிலாளிக்குச் சட்டப்பேரவைத் தேர்தலில் ஒரு வாக்கு மட்டுமே. அதே தெருவில் வசிக்கும் பட்டதாரி, பட்டம் பெற்று மூன்றாண்டு கழிந்தபின் மேலவைக்கும் வாக்களிக்க முடிந்தது. பட்டதாரியான உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் உரிய பணிக்காலம் இருந்தால் ஆசிரியர் தொகுதியிலும் வாக்களிக்க முடிந்தது. ஆசிரியர்களுக்குத் தனிக்குரல் கிடைத்தது இம்முறையின் பயன். படிப்பைக் கொண்டு வாக்கின் எண்ணிக்கை கூடுவது அதன் குறை. மேலவை பற்றிய விவாதத்தின் மையம் இதுவே.

ஒழிப்பு

மாநில மேலவையை ஒழிக்கவோ அமைக்கவோ 169-ஆவது உறுப்பு வழி செய்கிறது. பேரவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பின் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் இயற்றினால் போதும். அது அரசியலமைப்புத் திருத்தமாகக் கருதப்படாது.

1986 தொடக்கத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் தி.மு.க. பெரும் வெற்றி பெற்றது. இது மேலவையில் அக்கட்சியின் பலத்தைக் கூட்டக்கூடியதாக இருந்தது. நியமன உறுப்பினர் ஒருவரைப் பற்றிய சர்ச்சையும் எழுந்தது. இச்சூழலில் எம்.ஜி.ஆர். அரசு 1986 மே 14 அன்று ஒழிப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அப்போது அவையின் தலைவராக இருந்தவர் ம.பொ. சிவஞானம்.

மீட்பு முயற்சிகள்

1989-இல் கலைஞர் கருணாநிதி அரசு மீட்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கான சட்டமுன்வரைவு மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையில் நிறைவேறவில்லை. 1991-இல் ஜெயலலிதா அரசு அத்தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. 1996-இல் மீண்டும் தீர்மானம். 2001-இல் மீண்டும் திரும்பப் பெறல்.

மூன்றாம் முயற்சியே மிகத் தொலைவு சென்றது. 2010 ஏப்ரல் 12 அன்று பேரவை தீர்மானித்தது. மே மாதத்திலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பேரவையின் 234 இடங்களில் மூன்றில் ஒரு பங்காக 78 உறுப்பினர்கள் என்று வகுக்கப்பட்டது. ஆனால் தேர்தல் நடக்கும் முன்பே ஆட்சி மாறியது. 2011 ஜூனில் புதிய பேரவை, மேலவை வேண்டாம் என்று தீர்மானித்தது. சட்டம் இயற்றப்பட்டும் அவை கூடவில்லை.

வாதங்கள்

தேர்தல் களத்தில் வெல்ல இயலாத அறிஞர்களின் கருத்து சட்டமாக்கத்துக்குத் தேவை என்பது ஆதரவாளர் வாதம். செலவு மிகுதி, தோற்றவர்களுக்குப் பதவி தரும் இடம் என்பது எதிர்ப்பாளர் வாதம். மேலவை ஒரு சட்டமுன்வரைவை முதல்முறை மூன்று மாதமும், பேரவை மீண்டும் அனுப்பினால் ஒரு மாதமும், பணமுன்வரைவை 14 நாளும் மட்டுமே தாமதப்படுத்த முடியும். இறுதிச் சொல் பேரவைக்கே உரியது. எனவே அதன் பயன் தடுப்பதில் இல்லை. மறுபடி யோசிக்க வைப்பதில்தான் உள்ளது.

ஆந்திராவில் 1985-இல் ஒழிந்த மேலவை 2007-இல் மீண்டும் வந்தது. 2020-இல் ஒழிக்கத் தீர்மானித்த அதே அரசு மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றது. ஓர் அவை இருக்க வேண்டுமா என்பது ஆட்சி மாறும்போதெல்லாம் மாறும் முடிவாக இருக்கும்வரை, எந்தச் சீர்திருத்தமும் தன் பயனைக் காட்டும் அளவுக்கு நிலைக்காது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.