எருவின் தடமும் கிணற்று நீரும்

சேலம், நாமக்கல் சமவெளியின் நிலத்தடி நீரில் நைட்ரேட் எங்கெங்கு மிகுந்துள்ளது என்று குறிக்கும் வரைபடம், அந்த மண்ணுக்கு எரு எங்கிருந்து வந்து சேர்ந்தது என்ற வரலாற்றையும் உடன் காட்டுகிறது. உழவர்கள் தழைச்சத்து என்று வழங்கும் நைட்ரஜனில் பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. எதிர்மின்னூட்டம் கொண்ட அதைக் களிமண் பிடித்துவைப்பதில்லை என்பதால், மழையோடும் பாசன நீரோடும் அது கீழே இறங்கிவிடுகிறது.

யூரியாவுக்கு முந்தைய காலத்தில் இப்பகுதியின் எரு பெரும்பாலும் உள்ளூரிலேயே சுழன்றது. அறுவடை முடிந்த காட்டில் படல்களை நிறுத்தி, மேச்சேரி ஆடுகளை இரவில் பட்டி அடைத்து, சில நாளுக்கொருமுறை படலை இடம் மாற்றிவந்தால் வயல் முழுவதும் புழுக்கையும் சிறுநீரும் பரவிவிடும். அந்த ஆடுகள் மேய்ந்ததும் அக்கம்பக்கத்து நிலங்களில்தான். ஆயினும் நைட்ரேட்டை முழுக்க உரமூட்டையின் பிள்ளை என்று கொள்வது பிழை. ஆளும் மாடும் தலைமுறைகளாகப் புழங்கிய ஊர்மண்ணில் அது இயல்பாகவே சேரும். தமிழ்நாட்டில் உப்பிலியர் எனப்பட்டோர் வெடியுப்பு காய்ச்சியது அத்தகைய மண்ணிலிருந்துதான்.

மணலியில் 1971-லும் தூத்துக்குடியில் 1975-லும் உர ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கியபின் நிலைமை மாறியது. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். இன்றைய 45 கிலோ மூட்டை ஒன்றில் அது 20 கிலோவுக்கும் மேல். கவலை இறைத்த இடத்தில் மின்மோட்டார் வந்தது, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பாறையைத் துளைத்தன, மஞ்சளும் கரும்பும் மரவள்ளியும் அந்த நீரையும் உரத்தையும் நம்பிப் பரவின.

இவற்றைவிடப் பெரிய மாற்றம் நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகளால் வந்தது என்றே சொல்ல வேண்டும். தீவனத்துக்கான மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் வெளிமாநிலங்களிலிருந்து வர, முட்டை கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விடுகிறது. ஆனால் தீவனத்திலிருந்த நைட்ரஜனின் பெரும்பகுதி எச்சமாக இங்கேயே தங்கிவிடுகிறது. வேறு மாநில வயல்களின் சத்து இந்த மண்ணில் இறங்குகிறது என்பதே இதன் பொருள். உயர்த்திக் கட்டிய கூண்டு வரிசைகளுக்கு அடியில் எச்சம் நீண்ட வரப்பாகக் குவியும். தண்ணீர் நிப்பிள் கசியாதவரை அது காய்ந்து கிடக்கும், கசிந்தால் கண்ணெரியும் அம்மோனியா நெடி எழும். லோடு கணக்கில் விலைபோகும் இந்தக் கோழி எரு மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் நல்ல உரம்தான், ஆனால் லாரி வாடகை கூடுவதால் தொலைவான ஊர்களுக்கு அது எளிதில் போவதில்லை.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். சுவையால் இதைக் கண்டுகொள்ள முடியாது. காய்ச்சினால் நீர் வற்றிச் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம்பாரிப்பதற்கும் இத்தகைய கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பை 1945-இல் அமெரிக்க மருத்துவர் ஹன்டர் காம்லி எடுத்துக்காட்டினார். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாடெங்கும் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ 20 விழுக்காடும் தமிழ்நாட்டில் 37 விழுக்காட்டுக்கு மேலும் இந்த வரம்பைத் தாண்டின.

இம்மாதிரிகளை வைத்து வரைபடம் வரைவோர், அளந்த கிணறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தின் அளவைக் கணக்கால் ஊகித்து வண்ணம் தீட்டுகிறார்கள். ஆற்று வண்டல் நிலத்தில் இது பெரும்பாலும் பொருந்தும். சேலம், நாமக்கல்லின் அடித்தளமோ சார்னகைட், நைஸ் ஆகிய கடும்பாறைகள். நீர் மேலே சிதைந்த படிவிலும் கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நிற்பதால், அடுத்தடுத்த தோட்டத்துக் கிணறுகள்கூட வேறுவேறு அளவு காட்டக்கூடும். திருமணிமுத்தாற்றில் இறங்கும் நகரச் சாக்கடையும் நைட்ரேட்டையே சேர்க்கிறது. நைட்ரஜன்-15 ஐசோடோப்பு ஆய்வு ரசாயன உரத்தையும் எருவையும் ஒருவாறு பிரித்துக் காட்டினாலும், கோழி எருவையும் மனிதக் கழிவையும் தெளிவாகப் பிரிப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்றிலோ குழாய் கடும்பாறை தட்டும்வரை மட்டுமே இறக்கப்பட்டு, அதற்குக் கீழே துளை வெறுமையாக விடப்படுவதால், மாதிரிப் புட்டியில் பிடித்த நீர் எந்த வெடிப்பிலிருந்து வந்தது என்பதைப் புட்டியின் மேல் எழுதிய ஆழம் சொல்வதில்லை.