மூன்றாவது பிரதி

இலங்கையில் ஒரு காணி கைமாறும்போது நொத்தாரிசு அந்த உறுதியை மூன்று பிரதிகளாக எழுதுகிறார். மூலம் வாங்கியவருக்குப் போகும். ஒன்று நொத்தாரிசிடமே இலக்கமிட்டுக் கட்டப்பட்டு இருக்கும். முத்திரை ஒட்டிய மூன்றாவது பிரதி, அந்த மாதம் அவர் எழுதிய எல்லா உறுதிகளின் பட்டியலோடும் சேர்ந்து, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசு கட்டளைச் சட்டத்தின் கீழ் நடந்துவரும் முறை இது. ஒரு கையெழுத்து மூன்று கூரைகளின் கீழ், மூன்று பேரின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு வீடு எரிந்தாலும் ஒரு நொத்தாரிசு இறந்தாலும் காணிக்குச் சாட்சி இருக்கும்.

நான் சாம்பல்தீவுக்காரன். திருகோணமலை நகரில் ஓர் அலுவலகத்தின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். மெய்நிகர் இயந்திரங்கள், ஸ்நாப்ஷொட், எக்ஸ்போர்ட், ரெப்ளிகேஷன் என்று என் நாள் போகிறது. இந்தத் தொழிலின் அடிப்படை விதியை என் மாவட்டம் பல தடவை, பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கிறது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

2004 டிசம்பர் 26 காலை உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிக் கரைகளுக்குள் கடல் வந்தது. எங்கள் வீட்டில் உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் அம்மா ஒரே பையில் வைத்திருந்தார். போர்க்காலத்தில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு பை இருந்தது. இடம்பெயரச் சொன்னால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குத் தயாராகக் கதவடியில் தொங்கும். அந்த ஏற்பாடு பிழையானதல்ல. ஷெல் அடிக்குத் தப்ப அது போதும். முன்கூட்டிச் சொல்லாமல் வந்த தண்ணீருக்கு முன் அது போதவில்லை. எல்லாம் ஒரே பையில் இருந்ததால் எல்லாம் ஒரேயடியாகப் போயிற்று.

பிறகு காணிப் பதிவகத்தில் உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதி கிடைத்தது. அங்கே நான் கவனித்த ஒன்று உண்டு. எழுதுவினைஞர் முதலில் கேட்டது உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர். அம்மாவுக்கு நொத்தாரிசின் பெயரும் ஆண்டும் நினைவிருந்தன. அந்த இரண்டையும் வைத்துப் பதிவேட்டில் பக்கத்தைப் பிடித்தார்கள். பிரதி எங்கோ இருக்கிறது என்பது மட்டும் உதவாது. அதைத் தேடிப் பிடிக்கிற வழியும் கையில் இருக்க வேண்டும்.

இந்த ஊரில் அழிவும் பிரதியும் அதைவிடப் பல நூற்றாண்டு பழமையானவை. 1622க்கும் 1624க்கும் இடையில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களாலேயே கோட்டை கட்டினான். 1803 முதல் பிரட்றிக் கோட்டை என்று பெயர் பெற்றது அதுதான். வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லில் தமிழ் எழுத்துகளை இன்றும் பார்க்கலாம். கல் சிதைந்தது, வரிகள் முழுமையாக இல்லை. ஆனால் அதில் பொறித்திருந்த பாட்டு முழுதாக மக்கள் வாயில் நின்றது. அதன் பொருள் போர்த்துக்கல்லுக்கும் போனது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை வரலாறு எழுதிய யேசுசபைக் குரு குவேறோஸ் அதைத் தன் நூலில் பதிந்திருக்கிறார். ஒரே செய்தி கல்லிலும், வாயிலும், கடல் கடந்த காகிதத்திலும் இருந்தபடியால், கல் உடைந்தபோது செய்தி உடையவில்லை.

அதே கோயிலுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1950இல் நகரசபையினர் கிணறு வெட்டும்போது வெண்கலத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. இடிப்புக்கு முன் யாரோ புதைத்துக் காப்பாற்றியவை என்பதே ஊரின் நம்பிக்கை. இடிக்க வந்தவன் கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால் அவை தப்பின. எங்கள் தொழிலில் இதை ‘ஒஃப்லைன் பிரதி’ என்கிறோம். எந்த வலையமைப்போடும் தொடுக்காமல் தனியே வைத்த பிரதி.

என் தொழிலின் மெய்நிகர் இயந்திரம், அதாவது ஓர் இயந்திரத்துக்குள் பல இயந்திரங்களை ஓடவிடும் யோசனை, 1960களில் பிறந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு நிலையத்தில் ரொபேட் கிரீசியும் கூட்டாளிகளும் சிபி-40 என்ற அமைப்பைச் செய்தார்கள். விலையுயர்ந்த ஒரே பெரிய கணினியில், ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி கிடைத்தது போல வேலை நடந்தது. 1972 ஆகஸ்ட்டில் அந்த வழியில் வந்த விஎம்/370 சந்தைக்கு அறிவிக்கப்பட்டது. சாதாரணக் கணினிகளுக்கு இந்த வசதி வர இன்னும் கால் நூற்றாண்டு சென்றது. விஎம்வெயார் 1998இல் தொடங்கி, 1999இல் முதல் மென்பொருளையும் 2001இல் சேர்வர்களுக்கான ஈஎஸ்எக்ஸையும் வெளியிட்டது. கேவிஎம் 2007இல் லினக்ஸ் கருவோடு சேர்ந்தது. மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வீ 2008இல் வந்தது.

இதனால் வந்த பெரிய மாற்றம், முழுக் கணினியே சில கோப்புகளாகிப் போனது. கோப்பு என்றால் படியெடுக்கலாம். படியெடுப்பது சுலபமானவுடன், படி இருக்கிறது என்ற நிம்மதியும் சுலபமாக வந்துவிட்டது. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

ஸ்நாப்ஷொட் என்ன செய்கிறது என்பதை ஊர்க் கடையின் கடன் கொப்பியை வைத்துச் சொல்லலாம். கடைக்காரர் இன்றைக்குக் கொப்பியை மூடி, இனி இதில் எழுதுவதில்லை என்று முடிவுசெய்து, நாளை முதல் வரவு செலவை ஒரு தனித் துண்டில் எழுதுகிறார். பழைய நிலைக்குத் திரும்ப விரும்பினால் துண்டைக் கிழித்தால் போதும். ஆனால் இன்றைய கணக்கு வேண்டுமென்றால் கொப்பியும் வேண்டும், துண்டும் வேண்டும். கொப்பி தொலைந்தால் துண்டு வெறும் தாள். மெய்நிகர் வட்டிலும் இதே கதைதான். மூல வட்டு உறைகிறது. மாற்றங்கள் 000001, 000002 என்று பின்னொட்டிய வேறு கோப்புகளில் ஏறுகின்றன. ஒவ்வொன்றும் முந்தியதைச் சார்ந்து, சங்கிலியாக நீள்கிறது. இரண்டும் ஒரே சேமிப்பகத்தில் இருப்பதால், அந்தச் சேமிப்பகம் போனால் ஸ்நாப்ஷொட்டும் கூடவே போகும்.

72 மணித்தியாலத்துக்கு மேல் ஒரு ஸ்நாப்ஷொட்டை வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வெயாரின் அறிவுரை. சங்கிலியில் 32 வரை ஏற்கும். ஆனால் இரண்டு மூன்றோடு நிறுத்தச் சொல்கிறார்கள். மாற்றக் கோப்பு வளர்ந்து வளர்ந்து சேமிப்பகத்தை நிரப்பினால், அங்கே ஓடும் மற்ற இயந்திரங்களும் சேர்ந்து நின்றுவிடும்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜெனரேற்றருக்கு டீசல் கிடைக்கவில்லை. யூபிஎஸ் மின்கலங்கள் மீண்டும் நிறையும் முன்னரே அடுத்த வெட்டு வந்தது. அந்த நாட்களில் மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தின் கணக்கு இயந்திரம் எழும்ப மறுக்கிறது என்று என்னை அழைத்தார்கள். மென்பொருள் புதுப்பிப்புக்கு முன் எடுத்த ஸ்நாப்ஷொட் நீக்கப்படாமல் மாதக்கணக்கில் கிடந்தது. கரண்ட் போய் வந்த பிறகு, ஒரு கோப்பை அவசரமாக எடுப்பதற்காக யாரோ மூல வட்டை வேறோர் இயந்திரத்தில் பூட்டி ஓடவிட்டிருந்தார்கள். திரையில் நின்ற பிழைச் செய்தியின் சாரம் இது: பிள்ளை வட்டு உருவான பிறகு தாய் வட்டு மாற்றப்பட்டிருக்கிறது.

அந்தப் பழுதுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதல் வேலை, எதையும் தொடாமல் முழுக் கோப்புறையையும் வேறு வட்டுக்குப் படியெடுப்பது. இடம் இல்லை என்றால் வட்டு வாங்கி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு வட்டோடும் இருக்கும் சிறிய விவரணக் கோப்பைத் திறப்பது. அது வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் ‘சிஐடி’ என்று எட்டு எழுத்தில் ஓர் அடையாளம் இருக்கும். பிள்ளை வட்டின் கோப்பில், தன் தாயின் அடையாளம் என்ன என்றும் ஒரு வரி இருக்கும். தாயின் அடையாளமும் பிள்ளை சொல்லும் அடையாளமும் ஒத்துப்போனால்தான் சங்கிலி பொருந்தும். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் தாளில் எழுதிப் பார்த்தபோது ஒரேயோர் இடத்தில் முரண்பட்டது. படியெடுத்து வைத்த பிரதியில் அந்த வரியைத் திருத்தி, சங்கிலி முழுவதையும் ஒரே புதிய வட்டாகக் குளோன் செய்தோம். இயந்திரம் எழும்பியது. தாய் வட்டில் ஒரு தடவை ஓடியதால் ஏறிய எழுத்து கொஞ்சமாக இருந்தபடியால் கோப்பு அமைப்பைச் சரிபார்த்து மீட்க முடிந்தது. கூடுதலாக எழுதப்பட்டிருந்தால் அடையாளத்தைத் திருத்தியும் பயன் இருந்திராது. அடையாளம் பொருந்துவதால் உள்ளடக்கம் பொருந்திவிடாது.

எக்ஸ்போர்ட் ஸ்நாப்ஷொட்டைவிட நொத்தாரிசின் மூன்றாவது பிரதிக்கு நெருங்கியது. ஒரு நிறுவனத்தின் இயந்திரத்தை இன்னொன்றின் மேடைக்குக் கொண்டுபோக ‘ஓவிஎஃப்’ என்ற பொது வடிவம் 2007இல் முன்மொழியப்பட்டு 2009இல் தரநிலையாக வெளிவந்தது. அதன் கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டினால் ‘ஓவிஏ’. எக்ஸ்போர்ட் செய்யும்போது ஸ்நாப்ஷொட் சங்கிலி கூடப் போவதில்லை. அன்றைய நிலை மட்டும் தட்டையாக வெளியே வரும். எக்ஸ்போர்ட் பாதியில் நிற்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் எளியவை: சீடியாக மாட்டிக் கழற்ற மறந்த ஐஎஸ்ஓ கோப்பு, போகிற வட்டில் இடக் குறைவு, இடையில் அறுந்த தொடர்பு. பொதியோடு வரும் சிறு பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் கணித்த சரிபார்ப்பு எண் இருக்கும். அந்த எண்ணை மீண்டும் கணித்து ஒப்பிட வேண்டும். நொத்தாரிசு பதிவகத்துக்கு அனுப்பும் மாதப் பட்டியல் செய்யும் வேலையை இங்கே அது செய்கிறது.

ரெப்ளிகேஷன் வேறு. ஹைப்பர்-வீயில் 2012 முதல் ஓர் இயந்திரத்தின் மாற்றங்கள் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை இன்னொரு இடத்துக்குப் போயின. அடுத்த பதிப்பில் 30 விநாடி, 15 நிமிடம் என்றும் தெரிவு வந்தது. கொழும்பில் ஒரு சோடி இயந்திரம் இருந்தால், திருகோணமலை சேர்வர் எரிந்தாலும் சில நிமிட வேலைதான் போகும். தொடர்பு நெடுநேரம் அறுந்தால் மாற்றப் பதிவு பெருத்து, முழு ஒத்திசைவை மீண்டும் செய்யச் சொல்லும். மெதுவான இணைப்பில் அதற்கு ஓர் இரவு போதாது. ஆனால் ரெப்ளிகேஷன் நல்லதையும் கெட்டதையும் ஒரே வேகத்தில் கொண்டுபோகும். ஒருவர் இங்கே அழித்தால் அரை நிமிடத்தில் அங்கேயும் அழிந்திருக்கும். அதனால்தான் மணிக்கொரு மீட்புப் புள்ளி என்று பழைய நிலைகளையும் கூட வைத்திருக்கும் வசதி கொடுக்கப்பட்டது. அதைத் தெரிவுசெய்யாமல் விட்டால் கைவசம் கடைசி நிலை மட்டும்தான்.

இணைப்பில் இருக்கும் பிரதி மட்டும் போதாது என்பதை நாடு முழுவதும் கண்டது 2023இல். ஆகஸ்ட் கடைசியில் இலங்கை அரசின் மேகக் கட்டமைப்பு கப்ப மென்பொருளால் தாக்கப்பட்டது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதற்குள் அடங்கும். அமைப்பை மீண்டும் இயக்கிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் பூட்டப்பட்டுவிட்டது. தனியே எடுத்துவைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச கடிதப் போக்குவரத்து அப்படிப் போனது.

2005இல் பீற்றர் குறோக் என்ற படப்பிடிப்பாளர் தம் தொழில்துறையினருக்காக எழுதிய புத்தகத்தால் பரவிய 3-2-1 விதியை இன்று எல்லா சேர்வர் அறைகளிலும் சொல்கிறோம்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அதன் சாரத்தை எங்கள் ஊர் நொத்தாரிசுமார் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மை தொட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இருந்து எங்களுக்கு இல்லாமல் போனது, மூன்றாவது பிரதி ஒரு குறித்த திகதிக்குள் வேறொருவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம்.

இந்த மாவட்டத்தில் பிரதேச செயலகம், வைத்தியசாலை, கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் இன்று பிறப்பும் நிலுவையும் மருந்தும் மதிப்பெண்ணும் மெய்நிகர் இயந்திரங்களுக்குள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவை போனால் பாதிக்கப்படுபவர் தம் உறுதியின் இலக்கத்தைக்கூடச் சொல்லத் தெரியாத ஒரு கிழவியாக இருக்கலாம். ஆகவே நான் கேட்பது இது. ஒவ்வொரு சேர்வர் அறையிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். மாதம் ஒரு தடவை, எக்ஸ்போர்ட் செய்த ஒரு பிரதியை வலையமைப்பில் இருந்து துண்டித்த வேறோர் இயந்திரத்தில் எழுப்பிப் பார்க்கட்டும். எந்தத் திகதியின் பிரதி, யார் எழுப்பினார், எத்தனை மணித்தியாலம் சென்றது, எது எழும்பவில்லை என்ற நான்கையும் எழுதி, பொறுப்பதிகாரி கையொப்பம் வைக்கட்டும். அந்தப் பிரதி 15ஆம் திகதிக்குள் வேறு கட்டடத்தில், வேறொருவர் பூட்டில் இருக்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை, வேண்டியது ஒழுங்கு. எழுப்பிப் பார்க்காத பிரதியை நம்பி ஒரு சனத்தின் ஆவணங்களை ஒப்படைக்க எவருக்கும் உரிமை இல்லை.